பாட்டி சொன்ன கடல் எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு நம்மவர்கள் வைத்திருந்த பழைய பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தங்கள் குடும்பம் பினாங்கில் வந்து இறங்கிய கதையை எப்படித் தேடுவது என்று கேட்டு ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. அத்தனைக்கும் இங்கே இடமில்லை. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டியின் குடும்பம் பீச் ஸ்திரீட்டில் குடியிருந்ததாம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் அலை வந்து படியில் மோதும் என்று பாட்டி சொல்வார். இன்று லெபு பந்தாய் எனப்படும் அதே தெருவில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரிவதில்லை. பாட்டி சொன்னது கட்டுக்கதையா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாட்டி சொன்ன கடல் உண்மைதான், இடம் மாறியது கரை. பீச் ஸ்திரீட் என்ற பெயரே அது ஒருகாலத்தில் கடலோரத் தெருவாக இருந்ததால் வந்தது. தெருவின் கிழக்குச் சிறகில் இருந்த கிடங்குகளும் கடைகளும் முன்வாசலைத் தெருவுக்கும் பின்வாசலைக் கடலுக்கும் வைத்துக் கட்டப்பட்டவை. படகில் வந்த சரக்கை அந்தப் பின்வாசல் வழியாகவே ஏற்றி இறக்கினார்கள். 1880களில் அந்தக் கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்து நிலமாக்கி, புதிய கரையோரத்தில் ஒரு சாலையைப் போட்டு, அப்போதைய ஆளுநர் வெல்டின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதுதான் இன்றும் நாம் வெல்ட் கீ என்று சொல்லும் சாலை. பழைய தெருக்களை நீட்டிப் புதுநிலத்தின் வழியே கடல்வரை கொண்டுபோன துண்டுகளுக்கு இன்றும் காட் லெபு சூலியா, காட் லெபு சைனா என்றே பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தக் 'காட்', படித்துறையைக் குறிக்கும் இந்திய நாட்டுச் சொல். அடுத்த முறை போகும்போது, காட் என்று தொடங்கும் பலகை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய கரை ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

ஆனால் ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பாட்டி 1920களில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பின்கட்டுப் படியை விட்டுக் கடல் விலகிவிட்டது. ஆகவே அவர் சொன்னது தாம் கண்டதாக இராது; தம் பாட்டியிடம் கேட்டதைத் தம் நினைவாகவே வைத்திருந்திருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் குடும்பம் 1880களுக்கு முன்பே அந்தத் தெருவில் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே சான்றாகிறது. வீட்டில் பத்திரம் எதுவும் இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். கையில் இருக்கும் சாட்சியத்தை அடையாளம் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1893ஆம் ஆண்டின் கெல்லி வரைபடத்தில் நகரத்தின் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. பாட்டி சொன்ன அடையாளங்களை அதில் பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தில் தொங்காங் (சரக்குப் படகு) வேலை பார்த்தார், கிங் ஸ்திரீட்டில் தங்கியிருந்தார் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊர்ப் பெயரும் மறந்துபோயிற்று. வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பித்தளைச் செம்பு மட்டுமே. அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் 'கொ வெ வெளி' என்று வெட்டியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மையீர், அந்த 'மட்டுமே'யை முதலில் எடுத்துவிடுங்கள். எனக்கு வந்த கடிதங்களில் இவ்வளவு நல்ல சாட்சியத்தோடு வந்தது உங்களுடையது ஒன்றுதான்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. கல்யாணத்துக்கோ கோயில் பொங்கலுக்கோ பாத்திரங்கள் இரவல் போய்வரும்போது மாறிவிடக் கூடாது என்பதற்காகத் தகப்பன் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் முதலெழுத்து, பிறகு ஊர் என்ற வரிசையில் கடைக்காரரிடம் சொல்லி உளியால் புள்ளி வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் 'வெளி' என்பது ஆள் பெயராக இருக்க வாய்ப்பில்லை. ஊர்ப் பெயரின் சுருக்கம். நாகப்பட்டினத்தில் வெளிப்பாளையம் என்றொரு பகுதி இருக்கிறது. இராமநாதபுரத்தில் வெளிப்பட்டணம் என்றொரு பகுதியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வழிவழியாக நாகப்பட்டினம் என்றே சொல்லி வந்திருப்பதால் தராசு முன்னதன் பக்கம் சாய்கிறது. அதற்காக இரண்டாவதை அடியோடு தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது எழுத்து. பழைய எழுத்துமுறையில் குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் ஒரே கொம்பைத்தான் போடுவார்கள். உலோகத்தில் வெட்டுகிறவர் அந்தப் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவே 'கொ' என்பது கோவிந்தனாகவோ கோபாலாகவோ இருக்கலாம். 'வெ' என்பது வெங்கடாசலமாகவும் இருக்கலாம், வேலாயுதமாகவும் இருக்கலாம். கொ என்று தொடங்கும் பெயர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். செம்பு சீராக வந்ததா, வாங்கியதா? பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் பெண்ணைப் பெற்றவர் தம் பெயரை வெட்டிக் கொடுப்பது உண்டு. அப்படியானால் 'கொ வெ' உங்கள் கொள்ளுத்தாத்தா அல்லர், கொள்ளுப்பாட்டியின் தகப்பனார். நாகப்பட்டினம் வரை போய், நல்லபடியாக ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, அது தந்தைவழிப் பங்காளிகள் அல்ல, தாய்மாமன் வழி என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, மாமன் வீட்டு விருந்து கிடைத்தது என்றார். ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. செம்பு எந்தப் பாட்டியின் கையிலிருந்து எந்தப் பெண்ணின் கைக்கு வந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். மருமகள் வழியாக வந்ததா, மகள் வழியாக வந்ததா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இனி வீட்டுக் காகிதங்கள். நம்மவர்கள் பத்திரத்தைத் தொலைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையையும் மொய் நோட்டையும் தொலைக்க மாட்டார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். கீழே 'இன்ன ஊர், தற்சமயம் பினாங்கு' என்று இரண்டு முகவரியும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகளின் பெயர்கள் வரிசையாக வரும். மணியார்டர் ரசீது ஒன்று கிடைத்தால் போதும், அதில் ஊர் அஞ்சலகத்தின் பெயர் இருக்கும். குலதெய்வம் எது என்று மட்டும் உங்கள் குடும்பத்தின் மூத்த பெண்மணியிடம் எப்படியாவது கேட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரை மறந்த குடும்பங்கள் பல உண்டு. குலதெய்வத்தை மறந்த குடும்பங்கள் குறைவு. சிறு ஊர்களின் எல்லைத் தெய்வங்களுக்கு அந்த ஊருக்கே உரிய பெயர் இருக்கும். பெயரைச் சொன்னால் வட்டாரத்தில் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது பினாங்குப் பக்கத்துக்கு வருவோம். உங்கள் கொள்ளுத்தாத்தா கிங் ஸ்திரீட்டில் இருந்தார் என்பது தற்செயலானது அல்ல. அந்தத் தெருவில் தமிழர் இருந்த பகுதிக்கு நம்மவர்கள் வைத்திருந்த பெயர் படவுக்காரத் தெரு. படவு என்றால் படகு. அந்நாளில் பெரிய கப்பல்கள் கரையில் வந்து அணைவதில்லை. சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளும் ஆட்களும் தொங்காங்கிலும் சிறு படகிலும்தான் கரைக்கு வந்தாக வேண்டும். அந்தத் தொழிலில் இருந்த தமிழர்கள் துறைக்கு நடந்துபோகும் தூரத்தில் சேர்ந்து தங்கினார்கள். 1904இல் சுவெட்டன்ஹாம் பாலம் என்ற கப்பல்துறை திறந்து, கப்பல்கள் கரையிலேயே அணையத் தொடங்கியபின் அந்தத் தொழிலின் போக்கு மாறத் தொடங்கியது. எனவே 'தொங்காங் வேலை' என்று உங்கள் வீட்டில் சொல்வது எந்த ஆண்டுகளைக் குறிக்கிறது, அது சரக்குக்கூலி வேலையா, துடுப்புப் போடும் வேலையா, தண்டல் வேலையா என்று விசாரியுங்கள். தண்டல் என்றால் படகின் தலைவர். அவர் பெயர் காகிதத்தில் ஏற வாய்ப்பு அதிகம்.

அடுத்த தெருவான குவீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர்களின் குடும்பங்களில் அங்கே உபயம் செய்யாதவர்கள் அரிது. எந்தப் பழைய கோயிலிலும் உபயக்காரர் பெயர்கள் சுவர்ப் பலகையிலும் மணியிலும் விளக்கின் அடித்தண்டிலும் வெட்டப்பட்டிருக்கும். கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலையில் போய், குனிந்து, விளக்கின் அடியைப் பாருங்கள். அர்ச்சகரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் நான் ஒருமுறை பட்டதைப் போல விளக்குத் திருட வந்தவராக உங்களையும் பார்ப்பார்கள்.

அரசாங்கப் பதிவுகளைப் பொறுத்தவரை, தேசியப் பதிவிலாகாவில் இறப்புப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பத்திரத்தைவிட இறப்புப் பதிவே நமக்குப் பயன்படும், ஏனென்றால் கப்பலில் வந்தவருக்கு இங்கே பிறப்புப் பத்திரம் இராது. 1948இல் அடையாள அட்டை வந்தபோது உயிரோடிருந்தவர் என்றால் அந்தப் பழைய அட்டையும் எங்காவது ஒரு தகரப் பெட்டியில் கிடக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரும் தன் பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்கு, குமாஸ்தா தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். என் தாத்தாவின் பெயர் வெங்கடாசலம். ஓர் அலுவலகத்தின் ஏடுகளில் அதே மனிதர் வங்கடாசலம், வெங்கிடாசலம் என்று இரண்டு விதமாகவும், மூன்றாம் முறை 'பங்கடாசலம்' என்றும் இருந்தார். மூன்றாவதை நான் பார்த்தும் பாராமல் மூன்று மாதம் கடந்துபோனேன். ஆளைப் பிடித்துக் கொடுத்தது கடைசியில் பெயர் அல்ல. வீட்டு எண்ணும் தெருவும்தான்.

அதனால்தான் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: பெயரைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைத் தேடுங்கள். கிங் ஸ்திரீட்டில் எந்த வீடு, வீட்டுக்காரர் யார், எதிரே என்ன கடை, குழாயடி எங்கே என்று கேளுங்கள். குடும்பம் எப்போது ஆயர் ஈத்தாமுக்கு வந்தது என்றும் கேளுங்கள். 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானியர் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு போட்டபோது நகரத்தை விட்டு ஓடியவர்களில் பலர் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒதுங்கினார்கள். அப்போது வந்தவர்களா, அல்லது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000இன் தொடக்கத்தில் வாடகை ஏறியபோது பழைய கடைவீடுகளைக் காலி செய்தவர்களா? இரண்டுக்கும் தேட வேண்டிய ஏடுகள் வேறு. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளான பினாங் கெசட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆகியவற்றைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் படிக்கத் தந்திருக்கிறது. அங்கே தேடும்போது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் தெருவின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். படகு மூழ்கியது, சண்டை, அபராதம், உயில் என்று சாதாரண மனிதர்கள் பத்திரிகையில் வந்த வழிகள் அவைதான்.

கேள்வி: என் அப்பா கைக்குழந்தையாக 1921இல் ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். அந்தக் கப்பலின் பயணிகள் பட்டியல் கிடைக்குமா?
— வாசகர், சுங்கை ஆரா

பதில்: கிடைத்தாலும் அதில் உங்கள் அப்பாவின் பெயர் இராது. ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஓடி, 1973இல் ஓய்ந்தது. அதன் தடத்தில் பின்னர் வந்த எம்.வி. சிதம்பரமும் 1985இல் தீப்பிடித்ததோடு கடல் வழியும் முடிந்தது. ரஜூலா தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அவ்வளவு பேர் அதில் வந்ததால், எந்தக் கப்பலில் வந்தவரும் ரஜூலாவில் வந்ததாகவே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். ஆண்டு தவறா, கப்பல் தவறா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் அனுபவத்தில் தவறுவது பெரும்பாலும் கப்பல்தான். குழந்தையின் பிறந்த ஆண்டு தாய்க்கு மறக்காது.

கப்பலைவிட வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் பெற்றோர் ஜெரெஜாக் தீவைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? தளப் பயணிகளாக வந்த தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக அங்கே இறக்கிவைப்பது வழக்கம். 'மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள்' என்றோ 'தீவில் சோறு போட்டார்கள்' என்றோ ஒரு வரி நினைவில் இருந்தால், அவர்கள் கங்காணி வழி வந்தவர்களா, சொந்தச் செலவில் வந்தவர்களா என்று ஆராய ஒரு நூல் கிடைக்கும். கங்காணி வழி என்றால் நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் தங்கியிருப்பார்கள். அந்த வழியை 1938இல் இந்திய அரசு அடைத்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்குப்பின் கங்காணி கூட்டிவந்தார் என்று யாராவது சொன்னால் ஆண்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் பெயரில் 'மெரிக்கன்' இருக்கிறது. நாங்கள் கப்பித்தான் கெலிங்கின் வாரிசுகள் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, கெலுகோர்

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மெரிக்கன் என்பது மரைக்காயர் என்பதன் மருவிய வடிவம். கப்பித்தான் கெலிங், அதாவது அந்நாளில் பினாங்கில் தென்னிந்தியர்களின் தலைவர், எனப்பட்ட காதர் மைதீன் மெரிக்கன் ஒருவர்; மரைக்காயர்களோ கடலோர ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வேறு தடம். கம்போங் கோலத்தில் உள்ள அவருடைய அடக்கத்தலத்துக்குப் போய் ஃபாத்திஹா ஓதுவதற்கு வாரிசாக இருக்க வேண்டியதில்லை. வாரிசு என்று நிறுவ வேண்டுமானால் நிக்காஹ் பதிவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். உறவினரிடம் நடுவில் உள்ள மூன்று பெயர்களைக் கேளுங்கள். பதில் வந்தால் மேலே போகலாம்.

கேள்வி: செட்டியார் குடும்பம் எங்களுடையது. எங்களுக்கும் இவ்வளவு அலைச்சல் உண்டா?
— வாசகர், லெபு பினாங்கு

பதில்: இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயிலில் உங்கள் கோயில் எது என்பதும், வீட்டு விலாசமும், கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தமும் உங்களிடம் இருக்கின்றன. கிட்டங்கி (வட்டிக்கடை)க் கணக்கேடு ஒன்று கையில் இருந்தால், தயவுசெய்து கறையான் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் கதையைத் தேடிப் போனதில், அவருக்கு ஊரில் முன்பே ஒரு மனைவியும் மகனும் இருந்தது தெரியவந்தது. என் அத்தை (வயது 84) இதை அறியமாட்டார். குடும்ப வரலாற்றை அச்சிடப் போகிறோம். இதை எழுதலாமா?
— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், பாயான் பாரு

பதில்: இது பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் அரிதான செய்தி அன்று. ஆண்கள் தனியே வந்து, இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, திரும்ப முடியாமல் போனார்கள். போர்க்காலத்தில் கப்பலே ஓடவில்லை, கடிதமும் நின்றது. ஊரில் இருந்தவர்கள் இவர் இறந்துவிட்டார் என்று நினைத்திருக்கவும் கூடும். எந்த ஆண்டில் இங்கே இரண்டாம் திருமணம் நடந்தது என்று பாருங்கள். 1945க்குப்பின் என்றால் அந்தக் கதை நீங்கள் இப்போது நினைப்பதைவிட வேறு மாதிரி இருக்கலாம். தீர்ப்பை அதுவரை ஒத்திவையுங்கள்.

அச்சிடுவதைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அத்தையிடம் சொல்லாமல் அச்சிடக் கூடாது. அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்யட்டும். அது பேரப்பிள்ளைகளின் வேலை அன்று. ஆனால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஊரில் இருந்த அந்த மகனுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி, பினாங்குக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியாமலே இருந்திருப்பார். அவர்களுக்கு முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தபின் அச்சகத்துக்குப் போகலாம். நான்கு பக்கம் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று அச்சகத்தாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.